நடுக்குருத்து

“அண்ணி, ஏணியப் பிடிங்க. அந்தச் செடிக்குச் சாக்கு போர்த்துறது அப்புறம் ஆகட்டும்.”

“உனக்கென்ன, விழுந்தா எலும்பு கூடிடும். இதுக்குக் கூடாது.”

தாவரத் தோட்டத்துக் கண்ணாடி வீட்டைப் பராமரிப்பவள் அண்ணி. கூரைச் சட்டத்தைப் பற்றவைக்க வந்திருந்தவன் அவள் கொழுந்தன். வேலைக்குச் சொல்லிவிட்டதே அவள்தான். கீழே பாறை இடுக்கில், நகர்த்த முடியாதபடி வேரூன்றியிருந்தது அந்தச் செடி. ஆனைக்கற்றாழைக் குடும்பம்தான், ஆனால் முட்டைக்கோசு அளவு. மற்ற கற்றாழைகள் அடியில் கன்று விட்டுப் பெருகும், இது விடாது. ஒருமுறை பூத்து, விதை கொடுத்து, செத்துப்போகும். பதினோரு வருடமாக அந்தப் பூவும் வரவில்லை. தோட்டத்தில் இருந்தது இது ஒன்றே ஒன்று.

கொழுந்தன் கையிலிருந்த இரும்புக் கம்பி நழுவியது. சாக்கைத் துளைத்து, நடுக்குருத்தில் குத்தி நின்றது.

“அண்ணி... ஏதாவது வச்சு ஒட்டிப் பார்க்கலாமா?”

“எல்லாத்தையும் ஒட்டுற புத்தி. இறங்கு முதல்ல.”

கம்பியோடு குருத்தும் வந்துவிட்டது. குழியில் கரித்தூள் போட்டு, தண்ணீரை நிறுத்தினாள். மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

“அழுகறதுக்குள்ள எடுத்துடுங்கம்மா.”

“ஒரு மாசம் விடுங்க சார்.”

கொழுந்தன் அதன்பின் அண்ணன் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இருபத்தாறாம் நாள், இலைகளின் இடுக்கில் ஊசி முனையோடு ஒரு பச்சை மொட்டு. தள்ளி இன்னொன்று. சுற்றிவந்து எண்ணினாள்: ஐந்து கன்றுகள்.

“நடுவுல துளை போட்டா பக்கத்துல கிளம்பும்னு படிச்சிருக்கேன்மா,” என்றார் மேலதிகாரி.

“நானும் கேள்விப்பட்டதுதான் சார். ஒத்தச் செடியில யாருக்குத் துணிச்சல் வரும்?”

அன்று மாலையே கொழுந்தனின் பட்டறைக்குப் போனாள். அவளைக் கண்டதும் அவன் பற்றவைக்கும் முகமூடியை முகத்தில் இறக்கிக்கொண்டான்.

“செத்துடுச்சுன்னு சொல்லத்தானே வந்தீங்க?”

“அஞ்சு புள்ள பெத்திருக்கு.”

“கிண்டல் வேணாம் அண்ணி.”

“கிண்டல் இல்லப்பா. எனக்கப்புறம் இந்தச் செடி இருக்காதுன்னு நினைச்சு எத்தன நாள் தூக்கம் கெட்டிருக்கேன். உனக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்.”

அவன் முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான்.

“புகை,” என்றான். பற்றவைக்கும் கருவி அணைந்தே இருந்தது. “அண்ணன் முன்னாடி ஒரு தடவ சொல்லுங்களேன். ஒரு மாசமா போன்லயே திட்டுறாரு.”

“ஞாயித்துக்கிழம சாப்பிட வா. சாப்பாட்டோட சேர்த்து அதையும் பரிமாறுறேன்.”