பேஸ் மாத்திப் பாருங்க

அப்பா வீட்டில் உட்காரவே மாட்டார். வேலை நாளெல்லாம் பஸ்ஸின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தே இருந்தவர், ரிட்டயர் ஆன மறுநாள் எழுந்து நடக்க ஆரம்பித்தார். ஹாலிலிருந்து சமையலறை, அங்கிருந்து பால்கனி, மறுபடியும் ஹால். ஒவ்வொரு முறையும் எதையோ எடுக்கப் போகிறவர் போல வேகமாகப் போவார். எதையும் எடுக்காமல் திரும்புவார்.

"டிப்போவுல இருக்கும்போதுகூட இத்தனை டிரிப் அடிச்சிருக்க மாட்டீங்க" என்பாள் அம்மா.

அவர் உட்காருவது ஒன்றுக்குத்தான். டீவியில் லாரி வீடியோ. யாரோ ஒரு டிரைவர் முன்கண்ணாடியில் கேமராவை மாட்டிவிட்டு மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டே போவார். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. ரோடும் இன்ஜினும் மட்டும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வளைவு வரும்போதெல்லாம் வலது காலால் தரையை அழுத்துவார். கொஞ்ச நேரத்தில் அதுவும் கசந்துவிடும்.

"என்னடா வண்டி இது, கொசு பறக்கிற மாதிரி கத்துது. அத்தனை லோடு ஏத்தியிருக்கான். அடியில ஒரு உறுமல் வேணாமா?"

டீவிக்குக் கீழே அண்ணன் மாட்டியிருந்த சவுண்ட்பார் ஒல்லியானது. பேச்சு அதில் தெளிவாகக் கேட்கும். இன்ஜினின் அடிச்சத்தம் வராது. அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

போன வாரம் ஒரு நாள் அப்படிப் பால்கனிக்குப் போய்த் திரும்பியவர், திங்கட்கிழமையிலிருந்து வேன் ஓட்டப் போவதாகச் சொன்னார். ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கும் வேன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. வேன்காரர் அவருக்குப் பழைய பழக்கம். அப்பா எங்களைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டிருந்தார். ஓய்வாக இருக்கவேண்டிய வயசில் இது எதற்கு என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் வாதாடிப் பார்த்தான். நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறி வந்தான். உள்ளே சவுண்ட்பாருக்கு ஜோடியாக வரும், அடிச்சத்தத்தை மட்டும் எழுப்பும் வயர்லெஸ் சப்ஊஃபர்.

"வண்டி வேணும்னுதானே துடிக்கிறாரு? இன்ஜினை வீட்டுக்குள்ளயே இறக்கிடுவோம். அப்புறம் எவன் கூப்பிட்டாலும் போக மாட்டாரு, பாரு" என்று என்னிடம் கிசுகிசுத்தான்.

"அதையும் கேப்பேன், நாளைக்கு வேனையும் எடுப்பேன்" என்றார் அப்பா, பால்கனியிலிருந்து. இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் அவருக்குப் பாம்புக் காது.

பெட்டியைச் சுவரோரமாக வைத்து பிளக்கைச் சொருகினோம். "வயர் இல்லாததுன்னு சொன்னே, அப்ப இது என்ன, வாலா?" என்றாள் அம்மா. பாட்டு வர வயர் வேண்டாம், கரண்டுக்கு வேண்டும் என்று அண்ணன் விளக்கினான். ஜோடி சேர்க்கும் பட்டனை அழுத்தினான். சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்து, நீலமாகி நின்றது.

"சேர்ந்துடுச்சு! வாங்கப்பா, வண்டி கெளம்புது."

அப்பா உட்கார்ந்தார். லாரி மலையேறியது. கொசு பறந்தது.

"இது வேலை செய்யுதாடா?"

நான் பெட்டியின் மேல் கை வைத்தேன். உள்ளே நன்றாக அதிர்ந்தது. அண்ணன் சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

"இங்க வந்து கேளுங்க, என் பல்லு ஆடுது!" என்று அம்மா கத்தினாள்.

"இங்க ஒண்ணுமே வரலையே" என்றார் அப்பா நாற்காலியிலிருந்து.

அண்ணன் கடைக்காரரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"பேஸ் மாத்திப் பாருங்க சார்" என்றார் அவர்.

"ஏத்தியாச்சுங்க. அடிச்சத்தத்தை ஃபுல்லா வச்சிருக்கேன்."

"அது பேஸ் சார். நான் சொல்றது பேஸ்."

"அதான் பேஸ், ஃபுல்லா இருக்குன்னு..."

"ஐயோ சார், அந்த பேஸ் இல்ல. பேஸ்! பேஸ மாத்துங்க!"

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் புரிந்துவிட்ட குஷியில் துள்ளி எழுந்தார். "நகருடா. கரண்டு பேஸ மாத்தச் சொல்றாரு. இந்த பேஸ்ல வோல்டேஜ் பத்தல." வாசலுக்கு வெளியே மீட்டருக்குப் பக்கத்தில், ஒரு பேஸில் கரண்ட் போனால் வீட்டை இன்னொரு பேஸுக்கு மாற்றும் திருகு சுவிட்ச் உண்டு. நாங்கள் தடுப்பதற்குள் போய் ஒரு திருகு திருகினார்.

டீவி போயிற்று. ஃபேன் போயிற்று. பெட்டியின் நீல விளக்கும் போயிற்று. அவர் திருப்பிய பேஸில் அன்றைக்குக் கரண்டே இல்லை. போனில் கடைக்காரர் மட்டும் "சார்? சார்?" என்றுகொண்டிருந்தார்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவும் சிரித்தார். சுவிட்சைப் பழையபடி திருப்பிவிட்டு வந்தவர், நாற்காலிக்குப் போகாமல் நடக்க ஆரம்பித்தார்.

எனக்கு அதற்குள் விளங்கியிருந்தது. பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். ஒரு சின்ன சுவிட்ச், ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில் நூற்றெண்பது டிகிரி. கடைக்காரர் சொன்ன பேஸ் அதுதான், ஒலியலையின் பேஸ். சவுண்ட்பாரின் அலை ஏறும்போது பெட்டியின் அலை இறங்கினால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். வீடு முழுக்கச் சத்தம் இருக்கும், அந்த ஓர் இடத்தில் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் எங்கள் அப்பாவின் நாற்காலி இருந்தது.

சுவிட்சைத் தள்ளினேன். "இப்ப உக்காந்து பாருங்கப்பா."

"லேசா வருது. அடுத்த தெருவுல எவனோ ஸ்டார்ட் பண்ற மாதிரி."

"பெட்டி இருக்கிற இடமும் சரியில்ல. சுவர்ல பட்டுத் திரும்புற அலை..."

"மியூட்டு பேசுது! எல்லாரும் கொஞ்சம் அமைதி" என்றான் அண்ணன். அவன் எனக்கு வைத்திருக்கும் பெயர் அது. நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுக்காரர். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே அண்ணன் அவர் தோளில் கைபோட்டுச் சமாதானம் பேசிக்கொண்டு கூடவே படியிறங்கிப் போய்விட்டான். அப்பா சத்தத்தைக் குறைத்தார்.

"நீ சொல்லு பாப்பா. அலைக்கு என்ன?"

"பெட்டியை உங்க நாற்காலியில வைக்கணும். நீங்க சுவரோரமாத் தவழ்ந்துகிட்டே கேக்கணும். எந்த இடத்துல உறுமல் நல்லாக் கேக்குதோ, அப்புறமா பெட்டியை அங்க வச்சா நாற்காலிக்கு நல்லா வரும்."

"அதாவது, பஸ்ஸைத் தூக்கி சீட்டுல உக்கார வச்சுட்டு டிரைவர் ரோட்டுல தவழணும். இதுக்குத்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேனா?"

சொன்னாரே தவிர, அவருக்குப் பிடித்திருந்தது. சும்மா இருக்கவேண்டியதில்லையே. பெட்டியை நாற்காலியில் ஏற்றி வைத்தோம். வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் மாதிரி அது நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா முழங்காலிட்டு, காதைத் தரைப் பக்கம் சாய்த்து, வலது கையால் சுவரைத் தொட்டபடி தவழ ஆரம்பித்தார். நான் பால்கனிக் கதவுக்கு அருகே தரையில், ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தேன். வெயில் என் மேல் நேராக விழுந்தது.

"இங்க இல்ல. இங்கயும் இல்ல. ம்... இங்க கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூலைக்கு வந்ததும், "ஆ! இங்கதான்!" என்று இடப்பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் அவர் தலை என் முழங்காலில் மோதியது. ரிமோட் எகிறி விழுந்தது.

"நீ எப்ப இங்க வந்த?"

"நான் நகரவே இல்லப்பா."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "இவ ஒருத்தி! இருக்கிறதே தெரியாம உக்காந்திருப்பா."

அது உண்மைதான். நான் உள்ளே இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போனவர்கள் இந்த வீட்டில் உண்டு. நானும் சிரித்திருக்கலாம். ரிமோட்டை எடுத்து, ஒன்றும் பேசாமல் அவருடைய இடப்பக்கமாக நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. தரையில் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த நீல விளக்கையே பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்களேன். என் விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

அவருடைய இடது காதுக்குப் பின்னாலிருந்து விரலை மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. டீவியில் லாரி ஒரு வளைவை முடித்து நேர்ப்பாதைக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய முகத்துக்கு முன்னால் விரல் வந்த பிறகு, "தெரியுது" என்றார். வலப்பக்கம் செய்தேன். கையைத் தூக்கும்போதே, "தெரியுது, தெரியுது" என்றார். பிறகு அவருக்கே புரிந்து, தரையில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளாப்பா?"

"மெல்லப் பேசு." சமையலறையைப் பார்த்துக்கொண்டார். "நேரா எல்லாம் சுத்தமாத் தெரியுது. லைசென்ஸுக்குப் போனப்ப எழுத்தெல்லாம் கடகடன்னு வாசிச்சேன். ஓரம் மட்டும்தான் கொஞ்சம் மங்கல். ஓரம் யாருக்கு வேணும்?"

"குறுக்க வர்றவங்க ஓரத்துலேருந்துதானேப்பா வருவாங்க?"

"வண்டியில கண்ணாடி இருக்கு. எனக்குக் கழுத்து இருக்கு. திரும்பிப் பாத்து ஓட்டுவேன்."

"இப்பவும் திரும்பித்தானே மோதினீங்க?"

தரையில் ஓடும் வெயிலின் விளிம்பை விரலால் தடவினார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார்.

"பாப்பா, இந்த வீட்டுக்குள்ள நடந்து நடந்து எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வேலை. அண்ணன்கிட்ட சொல்லிடாதே. உனக்குச் சொல்லணுமா என்ன, நீதான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டியே."

அதை அவர் பாராட்டாகச் சொன்னார்.

அண்ணன் திரும்பி வந்தான். "கீழ அவரு வீட்டுக் கடிகாரம் சுவர்ல டான்ஸ் ஆடுச்சாம். இடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது" என்றார் அப்பா. "அந்த மூலை."

பெட்டியை மூலைக்கு இறக்கினார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். லாரி புறப்பட்டது.

இந்த முறை தரையிலிருந்து வந்தது. சத்தம் என்று சொல்வதற்கு முன்பே கால்களில் ஏறியது, நாற்காலியின் கைப்பிடிக்கு வந்தது. ஏற்றத்தில் கியர் மாறியபோது அறையே ஒரு மூச்சு இழுத்து விட்டது போலிருந்தது. அப்பா, "டேய்!" என்றார். அவ்வளவுதான். பல மாதங்களுக்குப் பிறகு முதுகு முழுவதும் நாற்காலியில் படும்படி சாய்ந்தார். டீயோடு வந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பால்கனிக் கதவைத் திறந்தேன், மூடினேன். நாளைக் காலை அந்த வேனில் ஏறப்போகிறவர்களை நினைத்தேன். பாதித் தூக்கத்தில் ஜன்னலில் தலையைச் சாய்த்திருப்பார்கள். வழியில் யாராவது ஓரத்திலிருந்து இறங்கி நடப்பார்கள்.

அப்பாவின் போன் அடித்தது.

"சொல்லுங்க... என்னது? கேக்கல, வீட்டுல லாரி ஓடுது!" என்று சிரித்தார். "வேனா? எடுத்துடலாம். காலையில டாண்ணு வந்துடறேன்."

"அப்பா, வேண்டாம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. லாரி முழு மூச்சில் ஏறிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்ப்பா."

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று அவர் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். "அப்பாவுக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது!"

அண்ணன் திடுக்கிட்டு ரிமோட்டை அழுத்தினான். அறை காலியாகிவிட்டது போலிருந்தது. போனுக்குள்ளிருந்து வேன்காரரின் குரல் சின்னதாகக் கேட்டது. "யாருங்க அது? என்ன தெரியாதாம்?"

அப்பா போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். டீவிச் சத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேன்காரர் நம்பிவிடுவார். அம்மாவின் கையில் டம்ளர் சாய்ந்து டீ தரையில் வழிந்தது.

"எம் பொண்ணு" என்றார் அப்பா. "ஆமா, சின்னவ. அவ சொன்னது சரிதான். வேற டிரைவர் பாத்துக்குங்க" என்றார்.

அண்ணன் என்னென்னவோ கேட்க ஆரம்பித்தான். அப்பா எவருக்கும் பதில் சொல்லாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"நிக்கிறியே, கூடப் போடி" என்றாள் அம்மா.

வெறுங்காலோடு ஓடினேன். தெருவில் அவர் வேகமாக நடந்துகொண்டிருந்தார். எட்டிப்பிடித்து அவருடைய இடப்பக்கமாக நடந்தேன். அவர் திரும்பவில்லை, ஒன்றும் பேசவுமில்லை. கோபத்தினாலா, நான் இருப்பது தெரியாததனாலா என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு வீட்டு கேட்டிலிருந்து சைக்கிள் ஒன்று மணியடிக்காமல் வெளியே வந்தது. அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். சைக்கிள் போன பிறகுதான் அதைப் பார்த்தார். பிறகு தலையை முழுக்கத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வா" என்றார், வலது கையைக் காட்டி.

"ஏன்ப்பா?"

"ஏனா? திட்டணும். திட்டறதுக்கு ஆள் தெரிய வேணாமா?"

நான் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன். அவர் திட்ட ஆரம்பித்தார்.