ஏழு ஏரிச் சாலையும் பதினான்காம் விதியும்

ஓர் அமைப்பின் உயிர் ஒற்றை மனிதனின் கால்களை நம்பி நிற்கிற தருணங்கள் சரித்திரத்தில் உண்டு. மார்ச் மாத முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தென் ஆந்தீஸ் மிதிவண்டிக் கழகத்துக்கு அப்படியொரு தருணம் வாய்த்தது. அந்தக் கால்களில் இடதுகால் மரத்துப் போயிருந்தது. தலைவர் அரை மணி நேரமாக லாக்கார் ஏரிக்கரை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்ததுதான் காரணம்.

தலைவரின் பெயர் எவரிஸ்தோ லும்ப்ரேராஸ். வயது அறுபத்தேழு. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் முப்பத்தோரு வருடம் பதிவு செய்து ஓய்வு பெற்றவர். மணமகன் போட்ட கையெழுத்தின் வால், அடையாள அட்டையில் இருந்த வாலைவிட நீளம் என்று ஒரு கல்யாணத்தை மத்தியானம்வரை நிறுத்தி வைத்தவர். அவருடைய சைக்கிள் சட்டையின் நெஞ்சில் ‘தலைவர்’ என்று நூலால் தைத்திருந்தது. தைத்ததும் அவர்தான்.

கழகத்தில் ஒரு காலத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் முறைப்படி ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டே இறந்தார். மூன்று பேர் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். மற்றவர்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தலைவர் நின்றுகொண்டு போன வருடத் தீர்மானங்களை நாற்பது நிமிடம் வாசிப்பதைத் தாங்க முடியாமல் ஒவ்வொருவராக மூட்டுவலிக்காரர்கள் ஆனார்கள். மிஞ்சியது செயலாளர் பௌதிலியோ, மருந்துக்கடைக்காரர். ஏழே காலுக்கு அவரும் ஆளாக வராமல் தொலைபேசியில் வந்தார்.

“எவரிஸ்தோ, முட்டி வீங்கிக் கெடக்குப்பா.”

“எந்த முட்டி? போன வருஷம் வலதுன்னு எழுதியிருக்கேன்.”

“அப்ப இந்த வருஷம் இடதுன்னு எழுதிக்க.”

“யோவ், பதினாலாம் விதி ஞாபகம் இருக்கா உனக்கு?”

“நீ எழுதினதுதானே? நீயே அடிச்சுத் தள்ளு.”

“விதியத் திருத்தணும்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்.”

“இருக்கறதே ரெண்டு பேருய்யா!”

“அதத்தான் சொல்றேன். ரெண்டு பேர்ல மூணுல ரெண்டு பங்கு எத்தன பேரு? சொல்லு பாப்போம்.”

கடைக்கு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி பௌதிலியோ வைத்துவிட்டார்.

பதினான்காம் விதி இதுதான்: வருடத்துக்கு ஒருமுறை ஏழு ஏரிப் பயணத்தைக் குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் முடித்துத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும்; தவறினால் கழகம் கலைந்ததாகக் கருதப்படும். மட்டம் போடுகிறவர்களைப் பயமுறுத்த எழுதியது. அவர்கள் யாரும் பயப்படவில்லை. இப்போது பயந்துகொண்டிருந்தவர் எழுதியவர் ஒருவர்தான். கழகம் போய்விட்டால் அவருக்குச் சனிக்கிழமை போய்விடும். மற்ற கிழமைகள் ஏற்கெனவே போய்விட்டன. இரண்டு வாரத்தில் வருகிறேன் என்று மனைவி ஒலிம்பியா ரொசாரியோவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. பதிவேட்டின்படி இருவரும் இன்னமும் ஒரே முகவரியில்தான் குடியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்பதாம் விதிப்படி வழியிலேயே புது உறுப்பினரைச் சேர்த்துக்கொள்ளலாம். பயணம் முடிகிற வீயா லா அங்கோஸ்துரா ஊர் வரை நூற்றுப் பத்து கிலோமீட்டர். அந்தத் தென்கோடி நாட்டில் மார்ச் என்றால் கோடை முடிகிற சமயம், பாதிச் சாலை சைக்கிள்காரர்கள். கையெழுத்துப் போட ஓர் ஆள் கிடைக்காமலா போய்விடும்? தீர்மானப் புத்தகத்தை மழைத்தாளில் சுற்றிப் பின்பையில் வைத்துக்கொண்டு எவரிஸ்தோ ஏற்றத்தில் மிதித்தார்.

ஏற்றத்தில் ஒரு ஜெர்மன்கார ஜோடி அவரைக் கடந்து போனது. கழகத்தின் நோக்கத்தை விளக்கத் தலைவர் கையை உயர்த்தினார். அவர்களும் சந்தோஷமாகக் கையசைத்துவிட்டு வளைவில் மறைந்தார்கள். மச்சோனிக்கோ ஏரியைப் பார்க்கிற மேட்டில் ஒரு பஸ் கூட்டம் நின்றது. ஓர் அம்மாள் தன் குடும்பத்தை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். ஒன்று ஆறு ஆனது. கண் மூடினவர்களுக்காக ஏழாவதும் எடுத்தார். எதிலும் அவரை நிற்கச் சொல்லவில்லை.

ஃபால்க்னர் ஏரிக்கு வந்தபோது வெயில் தண்ணீரின் அடிக்கல்வரை இறங்கியிருந்தது. கரையில் ஒரு கொய்வே மரத்தடியில் நான்கு சைக்கிள்கள், நான்கு பேர். மாத்தே என்கிற கசப்பிலைப் பானத்தின் குடுவையும் வெந்நீர்க் குடுக்கையும் கையில் வைத்திருந்த பெண், பெரியவர்களுக்குப் போடுகிற ‘டான்’ போட்டுத் தூரத்திலேயே கூப்பிட்டாள்.

“வாங்க டான், உக்காருங்க. தண்ணி சூடாத்தான் இருக்கு. நான் யானினா கோஃப்ரே. நாங்க நேவுகென்லேர்ந்து வர்றோம்.”

“எவரிஸ்தோ லும்ப்ரேராஸ்,” என்றார் அவர், பதிவேட்டில் எழுதுகிற வேகத்தில்.

அவர்களில் தாடிக்காரனான ஃபவுஸ்தோ அவருடைய சைக்கிளைச் சுற்றி வந்தான். “டான், இது உங்களுக்கு மூத்ததா, எளையதா?”

“ரெண்டு வருஷம் எளையது.”

“அப்பச் சரி. நீங்கதான் அதத் தூக்கிட்டு வந்திருப்பீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எவரிஸ்தோவும் சிரித்தார். அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

“தலைவர்னு போட்டிருக்கே சட்டைல, எதுக்குத் தலைவர்?” என்று கேட்டாள் யானினா.

“தென் ஆந்தீஸ் மிதிவண்டிக் கழகத்துக்கு.”

“மத்தவங்க எங்க?”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஆள் இல்லாத தலைவர் என்று தன் வாயால் சொல்ல முப்பத்தோரு வருட உத்தியோகம் விடவில்லை.

“பின்னாடி வர்றாங்க.”

“எத்தன பேரு?”

“பத்து.”

“ஐயோ, அப்ப இன்னும் தண்ணி காய்ச்சணுமே!” என்று அவள் சாலையை எட்டிப் பார்த்தாள்.

பத்துப் பேரை அப்புறம் சமாளிக்கலாம் என்று தலைவர் முடிவு செய்தார். பெண் கேட்கப் போன இடமாக இருந்தாலும் மூன்றாவது சுற்று மாத்தே உள்ளே போவதற்கு முன்னால் வந்த காரியத்தைப் பேசுகிறவன் மரியாதை தெரியாதவன் என்பது அவர் கொள்கை. மூன்றாவது சுற்றில் புத்தகத்தை எடுப்பார்.

குடுவை அவரிடம் வந்தது. நல்ல கசப்பு, நல்ல சூடு. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சித் திருப்பிக் கொடுக்கும்போது, சற்றுக் குனிந்து, “மிக்க நன்றி, அம்மணி,” என்றார்.

மாத்தே வட்டத்தில் நன்றி சொன்னால், ‘எனக்குப் போதும்’ என்று பொருள். அதற்குப் பிறகு உங்களுக்குக் குடுவை வராது. இது அந்த நாட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எவரிஸ்தோவுக்கும் தெரியும். ஆனால் மூன்று வருடமாகச் சமையலறையில் ஊற்றுகிறவரும் அவர், வாங்குகிறவரும் அவர். யாருக்கு நன்றி சொல்ல?

யானினா ஆச்சரியப்பட்டாள். “ஒண்ணோட போதுமா டான்?”

வாயிலிருந்து வந்ததை வாபஸ் வாங்க விதிகளில் இடமில்லை. “போதும்மா. வயிறு கொஞ்சம் சரியில்ல.”

குடுவை ஃபவுஸ்தோவிடம் போனது. திரும்பி வந்து, எவரிஸ்தோவின் முழங்காலுக்கு மேலாகவே கைமாறி, அந்தப் பக்கத்துப் பையனிடம் போனது. இரண்டாம் சுற்றும் அப்படியே. மூன்றாம் சுற்று தன்னைத் தாண்டிப் போவதை அவர் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். பிறகு எழுந்தார்.

“உங்க ஆளுங்க வந்தா என்ன சொல்லட்டும்?” என்றாள் யானினா.

“முன்னாடி போயிட்டார்னு சொல்லுங்க.”

எஸ்கொந்திதோ ஏரியைத் தாண்டி அடுத்த ஏற்றத்தில் அவர்கள் அவரைப் பிடித்துவிட்டார்கள்.

“டான்! உங்க படையில ஒருத்தனக்கூடக் காணோமே!” என்று கத்திக்கொண்டே ஃபவுஸ்தோ கடந்தான்.

“வருவாங்க!”

யானினா மட்டும் வேகத்தைக் குறைத்து அவர் பக்கத்தில் வந்தாள். கொஞ்ச தூரம் இரண்டு சங்கிலிகளின் சத்தமும் ஒன்றாகக் கேட்டது. “சேர்ந்தே போலாமே டான். அங்கோஸ்துரா வரைக்கும்தான நாங்களும்? அவசரம் ஒண்ணுமில்ல.”

எவரிஸ்தோவின் தொண்டையில் பதினான்காம் விதி முழுசாக வந்து நின்றது. தன் பின்னால் வராத பத்துப் பேரும் அதற்கு முன்னால் வந்து நின்றார்கள்.

“இல்லம்மா. எங்காளுங்களுக்காக நான் நின்னாகணும்.”

“சரி, பாத்து வாங்க,” என்று அவள் மிதித்துப் போனாள். அவளுடைய மஞ்சள் ஜாக்கெட் மரங்களுக்கிடையே மூன்று முறை தெரிந்தது. நான்காவது முறை தெரியவில்லை.

சொன்ன சொல்லுக்காக அவர் சாலையோரம் இருபது நிமிடம் நின்றார். வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு விறகு லாரி வந்தது. அவ்வளவுதான்.

கொரெந்தோசோ ஏரி வந்தது, போனது. எஸ்பெஹோ ஏரி மலைகளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு சலனமில்லாமல் கிடந்தது. கரையில் உட்கார்ந்து தன் குடுக்கையைத் திறந்து தனக்கே ஊற்றிக் குடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எத்தனை வேண்டுமானாலும் வந்தது.

மாலை ஐந்தரைக்கு அங்கோஸ்துரா பஸ் நிலைய பெஞ்சில் தீர்மானப் புத்தகத்தை மடியில் விரித்தார். வருகை: இருவர். புதிய உறுப்பினராக யானினா கோஃப்ரே ஏகமனதாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பயணம் விதிப்படி நிறைவுற்றது. கழகம் தொடர்கிறது.

முதல் கையெழுத்தை வழக்கம்போல் போட்டார். இரண்டாவதை இடது கையால் போட்டார்.