நாற்பத்தொன்றாம் எண் சட்டை

1.
இந்தக் கதை என்னுடையது இல்லை, அண்ணியுடையது. அவர் வெளிநாட்டில் நம் தூதரகத்தில் அதிகாரி. நம்மவர் யாராவது அங்கே இறந்துபோனால் உறவினரைக் கூட்டிப்போய், அடையாளம் கேட்டு, தாள்களில் கையெழுத்து வாங்கி, உடலை ஊருக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. இருபது வருடமாக உட்கார்ந்து எழுதுகிற எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. கடிதம்கூட ஒழுங்காக எழுதாத அண்ணிக்குக் கதை தேடி வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: விமானம் விழுந்த இடத்தில் புகை இன்னும்

(நிறுத்திவிட்டேன். அங்கே நின்றவர் அண்ணி, நானில்லை.)

சரி, உறவினர்களைத் தங்கவைத்த விடுதியிலிருந்து தொடங்குகிறேன். ஒரே அறையில் இரண்டு பெண்கள். ஒருத்தி டீச்சர், இன்னொருத்தி தையல்காரி. அவர்களுடைய கணவர்கள் அந்த விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை, முன்பின் தெரியாதவர்கள். பெண்கள் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டார்கள், கணவர்களைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள். மூன்றாம் நாள் தையல்காரியின் கணவர் கிடைத்தார், முகம் கலையாமல். டீச்சரின் கணவர் உடலில் எதுவுமே கிடைக்கவில்லை. அதோடு டீச்சர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

(அவளை நல்லவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

3.
சிதறிய பெட்டிகளிலிருந்து எடுத்த பொருள்களை எண் போட்டுப் படமெடுத்து ஆல்பமாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக உள்ளே வந்து தங்களுடையதைக் காட்ட வேண்டும். அண்ணி சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பொருள் அவர்களுக்கு.

டீச்சர் நாற்பத்தொன்றில் விரல் வைத்தாள். சாம்பல் நிறச் சட்டை, காலரின் உள்பக்கம் பச்சை நூல்.*

"இது எங்க வீட்டுக்காரர் சட்டை."

அண்ணி பேனாவை எடுக்கவில்லை. ஒவ்வொருவரின் அடையாளப் படிவத்தையும் கேட்டுக் கேட்டு நிரப்பியது அவர்தான். சாம்பல் நூல் தீர்ந்துபோய், தன் கணவர் சட்டையை அவசரத்துக்குப் பச்சையில் தைத்தது தையல்காரி என்று அதில் இருந்தது. விடுதி அறையில் அதை டீச்சரிடமும் சொல்லியிருப்பாள். நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் அண்ணி. டீச்சர் விரலை எடுக்கவில்லை.

"அவளுக்கு மொகம் கெடச்சிருச்சு மேடம். சட்டையும் அவளுக்கேவா?"

வெளியே பெஞ்சில் தையல்காரி தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

4.
முடிவு ஒன்று: அண்ணி கையெழுத்துப் போடுகிறார். தையல்காரி உள்ளே வந்து ஆல்பத்தைப் புரட்டுகிறாள்.

முடிவு இரண்டு: போடவில்லை. டீச்சர் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறாள்.

முடிவு மூன்று: தையல்காரி தானாகவே விட்டுக்கொடுத்து

(கிழித்துவிட்டேன். அவ்வளவு பெருந்தன்மை என் பேனாவுக்கு வராது.)

என்ன செய்தீர்கள் என்று அண்ணியிடமே கேட்டேன்.

"இத எழுதாதீங்க தம்பி. இது அவங்களோடது."

எழுதிவிட்டேன். கீழே என் பெயரும் வரப்போகிறது. அண்ணிக்கு அந்த அறை கிடைத்தது, அந்தப் பெண்ணின் குரல் கிடைத்தது. கதையும் அவருக்கேவா?

டீச்சரின் விரல் இன்னும் படத்தின் மேல்தான் இருக்கிறது. சாட்சிக்கு, இதை வாசிக்கிற உங்களை உட்காரவைத்திருக்கிறேன். போடுவதானால் அவளுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துதான்.

* நூலின் நிறத்தை மாற்றியிருக்கிறேன். அண்ணிக்கு நான் காட்டிய ஒரே நேர்மை அது.