பதினோரு மணி ஏரி

தொட்டனஅள்ளி ஏரிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுப்பது நிர்மலாவின் வேலை. முந்நூறு ஏக்கர் தண்ணீர். ஏரிகள் மதிப்பீட்டுப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து நான்கு அறிக்கை எழுதியிருந்தாள். நான்கிலும் ‘நல்ல நிலை’தான். கடைசி அறிக்கையை, இப்படித்தான் எழுத வேண்டும் என்று மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. வேலையில் அவளுக்குக் கர்வம் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

அளவெடுக்கும் நாள் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்குத் தருமபுரி அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டும். பிறகு ஜீப் டிரைவர் வர வேண்டும். வந்தவர் டீ குடிக்க வேண்டும். ஏரிக்கரையில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். பரிசல்காரர் முனிராஜ் பரிசலோடு காத்திருப்பார். நடு ஏரியில் மீட்டரின் ஒயரைத் தண்ணீருக்குள் விட்டால், கரைந்திருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண் வரும். முதல் வருடம் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம். அடுத்து ஒன்பது, பிறகு பதினொன்று, போன வருடம் பதின்மூன்று. மீன் பிழைக்க ஐந்து போதும். பதின்மூன்றைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் ஆபீசுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தாள்.

இந்த வருடம் அளவெடுப்பதற்கு முந்தின நாள் முனிராஜ் போன் செய்தார்.

“மேடம், நாளைக்கு எங்க மச்சான் வூட்டுக் கல்யாணங்க, பாலக்கோட்ல. ஒம்போது மணி முகூர்த்தம். வெடியக்காலமே வந்தீங்கன்னா கூட்டிட்டுப் போய்ட்டு வந்துர்றேங்க.”

அறிக்கைக்குக் கெடு நெருங்கிவிட்டது. அந்த நேரத்துக்கு ஜீப் டிரைவரைக் காலில் விழுந்து கூப்பிட்டாலும் வரமாட்டார். நிர்மலா ஸ்கூட்டரிலேயே கிளம்பி, ஐந்தரை மணிக்குக் கரையில் வந்து நின்றாள்.

நடு ஏரியில் மீட்டர் ஒன்று புள்ளி எட்டு என்றது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நிர்மலா மீட்டரைத் தட்டினாள், அணைத்துப் போட்டாள், ஒயரைத் துடைத்து மறுபடி விட்டாள். ஒன்று புள்ளி ஏழு. தலை நிமிர்ந்தபோதுதான் சுற்றிலும் பார்த்தாள். ஏரி முழுக்க மீன்கள் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கட்லா, ஜிலேபி, குஞ்சு குளுவான் எல்லாம்.

“மெஷினு நல்லாத்தாங்க இருக்கும். தெனமும் இந்த நேரத்துக்கு இப்படித்தான் மூச்சு வாங்கும். வெயில் ஏறுனா உள்ள போயிரும்” என்றார் முனிராஜ்.

“எத்தனை நாளா?”

“டவுன் சாக்கடை வாய்க்கா ரெண்டையும் இதுல திருப்புனாங்கல்ல, அதுல இருந்துங்க. அஞ்சாறு வருசம் இருக்கும்.”

“நாலு வருஷமா என்னைக் கூட்டிட்டு வர்றீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க கேக்கலைங்களே மேடம். எப்பவும் பதினோரு மணிக்கே வர்றீங்க, சரி, நல்ல நேரம் பாத்து வர்றாங்கன்னு நெனச்சிக்கிட்டேங்க.”

அவர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

விஷயம் அவளுக்குத் தெரியாததும் அல்ல, பரீட்சையில் எழுதித் தேறியதுதான். சாக்கடை சேர்ந்தால் பாசி பெருகும். பகலில் வெயில் பட்டதும் பாசி ஆக்சிஜனை விடும், இருட்டில் அதே பாசி அதை இழுத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் பதின்மூன்று என்றால் பாசி எக்கச்சக்கம் என்று பொருள். ஜுரத்தில் சிவந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து, என்ன நிறம், என்ன நிறம் என்று மெச்சுகிறவளைப் போல அவள் லட்டு கொடுத்திருக்கிறாள். அவளுடைய ‘நல்ல நிலை’யைக் காட்டித்தான், ஏரிதான் தாங்குகிறதே என்று மூன்றாவது சாக்கடை வாய்க்காலுக்கும் திட்டம் போட்டிருந்தார்கள்.

சந்தேகம் தீர இன்னும் மூன்று விடியல்கள் போய்ப் பார்த்தாள். எண் இரண்டைத் தாண்டவில்லை. மூன்றாம் நாளே மேலதிகாரி நவநீதனின் மேசை முன் போய் உட்கார்ந்தாள்.

நவநீதன் கெட்டவர் இல்லை. அவளுக்கு வேலை கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர். தாளைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “எழுதுங்கம்மா. ஏரி கெட்டுப் போச்சுன்னு தாராளமா எழுதுங்க. ஆனா இந்த வருஷம் கெட்டுப் போச்சுன்னு எழுதுங்க. பழசை எதுக்குக் கிளறணும்? நாலு ரிப்போர்ட்லயும் உங்க கையெழுத்து இருக்கு.”

“இந்த வருஷம் திடீர்னு கெடுறதுக்கு என்ன சார் காரணம்?”

“மீன் குத்தகை இந்த வருஷம் பரிசல்காரங்க சங்கத்துக்குப் போயிருக்குல்ல. கோழிக் கழிவு கொட்டுறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. படிக்கிறவங்களே சொல்லிக்குவாங்க.”

சங்கத்தின் தலைவர் முனிராஜ்.

அன்று சாயங்காலம் வரை நிர்மலா யோசித்தாள். அவளை உத்தமி என்று காட்ட எனக்கு ஆசைதான், ஆனால் அவள் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தாள் என்பதே உண்மை. முதலாவது சுலபமாக வந்தது. அதில் ஒரு பொய்யான எண்கூட இல்லை. படித்தால் போன வருடம் வரை நன்றாக இருந்த ஏரியைப் பரிசல்காரர்கள் ஒரே வருடத்தில் நாசமாக்கிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். குத்தகை போய்விடும். அவள் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும்.

இரண்டாவதை அனுப்பினாள். அதன் முதல் பத்தி இது: ‘முந்தைய நான்கு அறிக்கைகளிலும் அளவுகள் பகல் பதினோரு மணிக்கு மேல் எடுக்கப்பட்டவை. அவற்றை வைத்து ஏரி நல்ல நிலையில் இருப்பதாக எழுதியது என் தவறு. அந்த எண்களே பாசியின் பெருக்கத்தைக் காட்டுகின்றன. கழிவுநீர் வாய்க்கால் சேர்ந்த காலத்திலிருந்தே ஏரி நலிந்து வந்திருக்க வேண்டும்.’

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பட்டியலில் அவள் பெயர் காணாமல் போனது. மூன்றாவது வாய்க்கால் வேலையை நிறுத்தி வைத்தார்கள். பத்திரிகை ஒன்றில் ‘மூச்சுத் திணறும் ஏரி’ என்று செய்தி வர, சங்கத்திடம் மீன் வாங்கிக்கொண்டிருந்த அரூர் வியாபாரி அந்த வாரத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டார்.

இனி மாதம் ஒருமுறை விடியலில் அளவெடுக்க வேண்டும் என்று உத்தரவு. அடுத்த மாதம் அவள் போனபோது முனிராஜ் வணக்கம் சொல்லவில்லை. பரிசலைத் தண்ணீரில் தள்ளினார், அவள் ஏறினாள். பாதி தூரம் போனதும் சொன்னார்.

“உங்ககிட்டச் சொன்னது என் தப்புங்க. எங்க மீனக் கெட்ட மீன்னு ஊரே சொல்லுது.”

இன்னொரு அறிக்கையும் இருந்தது, அதைத்தான் அனுப்பச் சொன்னார்கள் என்று அவரிடம் சொல்லலாம். சொன்னால் நன்றி சொல்லுங்கள் என்று கேட்பது போலாகும் என்று விட்டுவிட்டாள். வலித்தது.

ஒயரை உள்ளே விட்டு, எண்ணை வாய்விட்டுப் படித்தாள். “ரெண்டு புள்ளி ஒண்ணு.”

முனிராஜ் துடுப்பை எடுத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், சாக்கடை வந்து விழும் மூலைப் பக்கம் பரிசலைத் திருப்பினார்.

“இங்க போட்டா என்னாங்க தெரியும்? அங்க வந்து போட்டுப் பாருங்க. அங்கதான் ரொம்ப மோசம்.”