மூன்றாம் ஓலை

1338ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று, இங்கிலாந்தின் நார்ஃபக் பகுதியில் உள்ள தார்ன்மியர் கிராமத்துக் கோவிலில், ஹேமோவுக்கும் ஹாவிசுக்கும், தடை சொல்பவர் உண்டா என்று ஊரைக் கேட்கும் கல்யாண ஓலை மூன்றாம் முறையாக வாசிக்கப்பட்டது.

முந்தைய இரண்டு ஞாயிறுகளிலும் யாரும் தடை சொல்லவில்லை. கல்யாண பீருக்காக ஹாவிசின் அப்பா ஆஸ்பர்ட் வாற்கோதுமையை ஊறப்போட்டுவிட்டார். ஊருக்குள் இந்தக் கல்யாணத்தை எதிர்க்க ஆளில்லை. அவ்வளவு காலம் காத்திருந்தவள் ஹாவிஸ்.

பதினாறு வயதில் ஹேமோ அவளுக்கு வார்த்தை கொடுத்திருந்தான். வைக்கோல் போர் அருகே, சாட்சி இல்லாமல், ‘அப்புறம் கட்டிக்கிறேன்’ என்ற அளவில்தான். அதற்கடுத்த வருடமே, அண்ணன் தம்பி இல்லாததால் நிலத்தோடு வந்த மேபலை அவன் தகப்பன் அவனுக்குக் கட்டிவைத்தார். ஹேமோ தலையை ஆட்டினான். ஹாவிஸ் அப்பாவுக்குச் சமைத்தாள், நூல் நூற்றாள், பீர் காய்ச்சி விற்றாள். தங்கைகள் இருவரும் அவளுக்கு முன்பே புருஷன் வீடு போய்விட்டார்கள். கிணற்றடியில் பெண்கள் அவளிடம் யாரையாவது பார்த்து வைத்திருக்கிறாயா என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஆட்டு மேய்ப்பன் ரால்ஃப் மட்டும் அவ்வப்போது ஆஸ்பர்ட்டிடம் பெண் கேட்டு வருவான். அவன் இரண்டு பெண்டாட்டிகளைப் புதைத்தவன்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து மேபலுக்குப் பிரசவ வலி கண்டபோது, மருத்துவச்சி சிபில் அக்கம்பக்கத்துப் பெண்களை உதவிக்குக் கூப்பிட்டாள். ஹாவிசுக்குப் போக மனமில்லை. போகாவிட்டால் வயிற்றெரிச்சல் என்பார்கள் என்று போனாள். குழந்தை நீலம் பாரித்து, அழாமல் பிறந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. சிபிலின் இரண்டு கைகளும் அவள் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தன. தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றவள் ஹாவிஸ். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை செத்தால் கோவில் மண்ணில் இடமில்லை; சாமியார் வருமுன் செத்துவிடும் என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஊற்று என்று சிபில் கத்தினாள். ஹாவிஸ் ஊற்றினாள், கோவிலில் சொல்லிக்கொடுத்திருந்த வாசகத்தைச் சொன்னாள். பேர் வைக்க வேண்டிய இடத்தில் வேறு எந்தப் பேரும் வாய்க்கு வராமல் தன் பேரையே சொன்னாள்.

குழந்தை அழுதது. மேபல் மறுநாள் இறந்தாள்.

அப்போதிருந்த கிழட்டுச் சாமியார் சிபிலிடம் என்ன வாசகம் சொல்லப்பட்டது என்றுதான் கேட்டார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. பிறகு கோவிலில் மீதிச் சடங்கு நடந்தபோது ஹேமோவின் அத்தை குழந்தையை ஏந்தினாள். ஊரைப் பொறுத்தவரை குழந்தைக்கு அவள்தான் ஞானத்தாய். பழைய ஆசையில் ஹேமோ பிள்ளைக்கு அந்தப் பேரை வைத்தான் என்று ஊர் சிரித்தது. அவன் மறுக்கவில்லை.

மூன்றாம் ஓலையை வாசித்தவர் ஈஸ்டருக்கு வந்த புதுச் சாமியார். தடை சொல்பவர் உண்டா என்று அவர் கேட்டபோது கூட்டம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஹேமோவின் இரண்டு வயதுக் குழந்தை பீடத்தை நோக்கி ஓடியது. ஹேமோவின் அத்தை, “ஹாவிசு, இங்க வாடி” என்றாள். குழந்தையும் திரும்பியது, மணப்பெண்ணும் திரும்பினாள். ஜனம் சிரித்தது. சாமியாரும் சிரித்துக்கொண்டே, இரண்டு பேருக்கும் ஒரே பேரா, யார் வைத்தது என்று கேட்டார்.

கல்யாணப் பெண்ணைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல சிபிலுக்கு அது வாய்ப்பாகத் தெரிந்தது.

“இவதான் சாமி வெச்சா. புள்ள பொழைக்காதுன்னு இருந்தப்ப, இவதான் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தா. தங்கமான பொண்ணு.”

சாமியாரின் சிரிப்பு நின்றது.

கோவில் முகப்பில் வைத்து அவர் இரு வீட்டாருக்கும் சிபிலுக்கும் விளக்கினார். கோவிலில் ஏந்துபவள் மட்டும் ஞானத்தாய் அல்ல. ஞானஸ்நானம் கொடுத்தவளுக்கும் பிள்ளையின் தாய் தகப்பனோடு ரத்த உறவைப் போன்ற உறவு உண்டாகிறது. அதனால் ஹேமோ ஹாவிசுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. இந்தக் கல்யாணம் நடக்காது.

“நான் ஊத்தாம விட்டிருந்தா?” என்று ஹாவிஸ் கேட்டாள்.

“புள்ள செத்திருந்தா அந்தப் பாவம் உன் தலையில இருந்திருக்கும்மா.”

“அது சாகலையே சாமி. தானாவே அழுதிருக்கும். நான் ஊத்தினதுதான் தப்பாப்போச்சு.”

 பாப்பரசரிடம் மனுப்போட்டால் விலக்குக் கிடைக்கலாம், ஆனால் அதெல்லாம் பெரிய பிரபுக்கள் செய்வது என்றார் சாமியார்.

“தார்ன்மியர்னு ஒரு ஊர் இருக்கிறது பாப்பரசருக்குத் தெரியுமா?” என்றார் ஆஸ்பர்ட். “எங்க வாற்கோதுமை முளைச்சு மரமா ஆகியிருக்கும், பதில் வர்றதுக்குள்ள.”

சாமியார் கெட்டவர் அல்ல. ஒரு வழியை அவரே காட்டினார். வாசகம் பிழையாகச் சொல்லப்பட்டிருந்தால் அது ஞானஸ்நானமே அல்ல, உறவும் இல்லை. அப்படியானால் குழந்தைக்கு இன்றைக்கே தானே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அன்று சொன்னதை அப்படியே சொல்லும்படி ஹாவிசிடம் கேட்டார்.

ஆஸ்பர்ட் மகளைப் பார்த்தார். ஹேமோ தரையைப் பார்த்தான்.

“சரியா சொல்லல சாமி” என்றாள் ஹாவிஸ். “பதட்டத்துல என்னத்தையோ உளறினேன்.”

இது தன் தொழிலுக்கு வந்த பழி என்று சிபிலுக்கு உடனே புரிந்தது. பிரசவ அறையில் தப்பான ஞானஸ்நானம் நடந்தால் பொறுப்பு மருத்துவச்சிக்குத்தான்; அதன்பின் யாரும் அவளை அழைக்க மாட்டார்கள்.

“என்னடி சொல்ற? வார்த்தைக்கு வார்த்தை சரியா சொன்னே. மேபல் காதுல விழுந்து ஆமென்னு சொன்னா. என் கையில ஒரு புள்ளகூட வேதமில்லாம போனதில்ல சாமி, வேணும்னா வேதபுத்தகத்து மேல கை வெக்கிறேன்.”

“சிபிலம்மா, கொஞ்சம் வாய மூடுங்களேன்” என்றாள் ஹாவிஸ்.

“உனக்குக் கல்யாணம் ஆகணும்னு நான் என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா?”

சாமியார் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். சிபில் கை வைத்துச் சொன்னாள். ஹாவிசிடமும் புத்தகத்தை நீட்டினார்கள். அவள் கையை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள். அதுவே போதும் என்றார் சாமியார்.

கல்லறைகளுக்கு நடுவே ஹாவிஸ் நடக்கும்போது ஹேமோ பின்னால் வந்தான். என்ன செய்வது, விதி என்றான்.

“போன தடவ உங்கப்பா சொன்னாரு, தலைய ஆட்டின. இப்ப சாமி சொல்றாரு, ஆட்டுற” என்றாள் ஹாவிஸ். “உன் கழுத்து நல்லாத்தான் வளையுது. லின் துறைமுகத்துக்குப் போயிடலாம்னு உனக்குத் தோணுச்சா? அங்க நம்மள யாருக்குத் தெரியும்?”

“நிலம் இருக்கே. குழந்தை இருக்கே.”

“எனக்கு என்ன இருக்குன்னு கேளேன்.”

 அவன் தோளில் தூங்கியிருந்த குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

வீட்டில் ஆஸ்பர்ட் ஊறிய தானியத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். பாதி முளைவிட்டதை வீணாக்க முடியாது என்றார். ரால்ஃப் கோவில் வாசலிலேயே தன்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான் என்றும் சொன்னார். அவனுக்கு ஞானப்பிள்ளை யாருமில்லை, தானே விசாரித்துவிட்டதாகச் சொன்னபோது அவர் முகத்தில் கேலி இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“அவனுக்குப் பல்லே இல்லப்பா.”

“கடிக்க மாட்டான்ல.”

அவள் துடுப்பை வாங்கித் தானே கிளறினாள்.

அறுவடை முடிந்ததும் ஹேமோ பக்கத்து ஊர்ப் பீப்பாய்க்காரரின் மகளைக் கட்டிக்கொண்டான். கோவில் வாசலில் சடங்கு நடந்தபோது, ஞானத்தாய் என்ற முறையில் குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சாமியார் ஹாவிசை அழைத்தார். அவள் பிடித்துக்கொண்டாள். விருந்துக்கு அவள் காய்ச்சிய பீர்தான் போனது. நவம்பரில் அவளுக்கும் ரால்ஃபுக்கும் ஓலை வாசிக்கப்பட்டது. மூன்று வாரமும் யாரும் தடை சொல்லவில்லை.