ராதோமிர் குடைந்த ஐந்தாவது அறை

பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் நான்கு படுக்கையறை எதற்கு என்று ஆஸ்திரேலியப் பாலைவன ஊரான கூபர் பேடியில் யாரும் கேட்க மாட்டார்கள். ஊர் எல்லைக்குள் ஓப்பல் ரத்தினக்கல் தோண்டக் கூடாது என்பது சட்டம். ஆனால் வெயிலுக்குப் பயந்து குன்றைக் குடைந்து அதற்குள் குடியிருப்பவன் தன் வீட்டுக்கு இன்னோர் அறை குடைந்துகொண்டால் எந்த அதிகாரி என்ன செய்துவிட முடியும்? குடையும்போது கல் தட்டுப்பட்டால் அது அவன் யோகம். ராதோமிருக்கு நான்கு அறை குடைந்தும் அந்த யோகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மனிதர் கெட்டவரில்லை, பாவம். அடுத்தவர் தோண்டிய கல்லை வாங்கி விற்பதில் பலே கெட்டிக்காரர். வாங்கும்போது விளக்கெண்ணெய் குடித்த மூஞ்சியோடு கல்லைப் பார்ப்பார். விற்க வந்தவன் தானே விலையைக் குறைப்பான். அப்படிச் சம்பாதித்ததையெல்லாம் தானே தோண்டித் தொலைப்பார்.

மனைவி தெசாங்கா ஒருநாள் காப்பியை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "திங்கக்கிழமை பஸ்ல அடிலெய்டு போறேன். தங்கச்சி வீட்ல ஜன்னலாவது இருக்கு."

"கோவத்துல பேசறே."

"கோவமெல்லாம் போன வருஷம். இப்ப டிக்கெட்டே எடுத்தாச்சு."

இருபத்தாறு வருஷமாக மிரட்டியவள் டிக்கெட் வரை போனதில்லை.  அவள் இல்லாமல் ஒரு வாரம்கூட ராதோமிரால் இருக்க முடியாது, அது அவருக்கே தெரியும். புத்தியுள்ளவன் காலில் விழுந்திருப்பான். இவர் அலமாரியை நகர்த்தினார்! அதன் பின்னால், சுவரில், பென்சில் கனத்துக்கு ஒரு பச்சை ஓப்பல் வரி ஓடுவதை முன்பே பார்த்து வைத்திருந்தார். ஒரே ஒரு நல்ல கல் கிடைத்து அதை அவள் கையில் வைத்துவிட்டால், பத்து ஜன்னல் வைத்து வீடு கட்டித்தருகிறேன் என்று நிறுத்திவிடலாம் அல்லவா?

நல்லவேளையாக, குன்றின் மறுபக்கத்தில் இருந்த இத்தாலியக் கைம்பெண் பியரீனாவிடம் விடைபெற தெசாங்கா தினமும் காலையில் கிளம்பிப் போனாள். ஒரு சிநேகிதியிடம் விடைபெற நாலு நாளா ஆகும்? யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. அவள் வாசலைத் தாண்டியதும் அலமாரியை நகர்த்திக் குடைவார். திரும்பி வருவதற்குள் மண்ணைச் சாக்கில் அள்ளிக் கொட்டிவிட்டு அலமாரியை மறுபடி சாத்திவைப்பார்.

சனிக்கிழமை சுவருக்குள் 'டொக் டொக்' என்று கேட்டது. இவர் நிறுத்தினார். அது நிற்கவில்லை.

அடிப்பாவி பியரீனா! மறுபக்கத்திலிருந்து இதே வரியைப் பிடித்து வருகிறாளே! பெண்டாட்டியும் போய்க் கல்லும் போனால் மனுஷன் எதை வைத்துப் பிழைப்பது? நிறம் தெரிந்துவிட்டால் கைச்சுரண்டியால் பூப்போலச் சுரண்ட வேண்டும், ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பதற்றத்தில் பெரிய பிக்காசை எடுத்து ஓங்கிப் போட்டார். சுவர் பொலபொலவென்று சரிந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் பியரீனாவின் சமையலறை. பியரீனா சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையில் துணி கட்டி, முகமெல்லாம் வெள்ளைத் தூளோடு சுரண்டியும் கையுமாக நின்றவள் தெசாங்கா.

"நீயா?" என்றார்.

"வேற யாரு? நாலு நாளா அலமாரியை இழுத்து இழுத்துத் தரையெல்லாம் கீறல். தெரியாதுன்னா நினைச்சே? நீ வர்றதுக்குள்ள எடுத்துடணும்னுதான் நாங்களும் அடிச்சோம்."

உள்ளங்கையை விரித்தாள். கட்டைவிரல் அளவு கல். சாய்த்தால் பச்சை, இன்னும் சாய்த்தால் உள்ளே சிவப்பு. பழக்கதோஷம், ராதோமிரின் முகம் தானாகக் கோணியது. "ம்... சுமாருதான்."

"யோவ், அந்த மூஞ்சிய வெளியூர்க்காரன்கிட்ட வச்சுக்கோ!"

பிறகு அவள் குரல் இறங்கியது. "தங்கச்சி வீட்ல வெறுங்கையோட போய் நிக்க மனசு வரல. அதுக்குத்தான் தோண்ட ஆரம்பிச்சேன். சிவப்பு தெரிஞ்சதுலேருந்து ரெண்டு நாளாத் தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல. உன்னைப் போய் இத்தனை வருஷம் பைத்தியம்னு திட்டினேனே."

ராதோமிர் வெட்கமில்லாமல் அழுதார். மண்ணும் கண்ணீரும் சேர்ந்து தாடியெல்லாம் சேறானது.

"அழுகையெல்லாம் அப்புறம். என் சமையலறைச் சுவர் போச்சு, கல்லுல மூணுல ஒரு பங்கு எனக்கு" என்றாள் பியரீனா.

தெசாங்கா போகிறாளா இல்லையா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஜன்னல் கேட்டவளை எந்த முகத்தோடு தடுப்பது? திங்கட்கிழமை காலையில் அவள் பெட்டியைத் தானே தூக்கி வாசலில் வைத்தார்.  திரும்பி வந்து பார்த்தால் தெசாங்கா இடுப்புவரை ஓட்டைக்குள் இருந்தாள்.

"தெசாங்கா... பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சுரண்டும் சத்தம் ஒரு கணம் நின்றது.

"வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுய்யா" என்றாள்.