கயிற்றின் பின்முனை

அக்டோபர் 14, செவ்வாய். இன்று ஒரு சிறிய தவறு. பதிவுத்தாளின் ஆறாவது வரியில், டார்லீன் கயிற்றை விட்ட நேரம் 10.20 என்று எழுதிவிட்டேன். அப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. 10.25 ஆகவும் இருக்கலாம். இனி நேரத்தைப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

இவ்வளவும் எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ராஸ்லின் பேனாவை மூடினாள். ஐந்து நிமிடத்துக்காக இத்தனை மனசாட்சி. கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் மாலை வகுப்பு முடிந்த கூட்டம் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தது. குழந்தைக் கல்விப் பாடம் எடுக்கிறவர் செவ்வாயும் வியாழனும் தவறாமல் ஒன்றைச் சொல்வார்: பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். ராஸ்லின் அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டாள். பகலில் அவள் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஒரு பிள்ளை தும்மினால்கூட நேரத்தோடு குறிப்பாள். குறித்தது சரிதானா என்று பிறகு சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தையும் நாட்குறிப்பில் குறிப்பாள். இருபத்திரண்டு வயதில் அவளிடம் இருந்த ஒரே ஆடம்பரம் இந்தச் சந்தேகம்தான்.

பள்ளி மில்வாக்கி நகரின் வடக்கே, ஆற்றோரப் பூங்காவை ஒட்டி இருந்தது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மழையோ வெயிலோ காலை முழுக்க வெளியேதான் இருப்பார்கள். அதுதான் பள்ளியின் பெருமை. பெற்றோர் பெயர் வைக்கும்போதே பிள்ளைகளைக் காட்டுக்கு நேர்ந்துவிட்டிருந்தார்கள். பெயர்ப் பட்டியலைப் பொருள் பார்த்துப் படித்தால் ஒருத்தி குருவி, ஒருவன் ஆறு, இரண்டு பேர் மரங்கள், ஒருத்தி மூலிகை. டார்லீன் மட்டும் வெறும் டார்லீன். நகரப் பேருந்து ஓட்டும் யோலண்டாவின் மகள். ஒரு வருடம் காத்திருந்து, செப்டம்பரில் குலுக்கலில் இடம் கிடைத்து வந்தவள்.

பள்ளியை நடத்தும் கிரெட்சென் காலை ஏழரைக்கே ஒரு துணிப்பையோடு பூங்காவுக்குள் போய்விடுவாள். பையில் மெருகு போட்ட ஓக் கொட்டைகள், ஒரே அளவில் பொறுக்கிய பைன் காய்கள், தபாலில் வரவழைத்த ஒரு குருவிக்கூடு. இவற்றைப் புதரிலும் மரப்பொந்திலும் ஒளித்து வைக்க வேண்டும். ஒளித்து வைப்பது ராஸ்லினின் வேலை. ஒன்பதரைக்குப் பிள்ளைகள் வந்து அவற்றைக் கண்டுபிடிப்பார்கள். வாய் பிளக்கும் நொடியில் கிரெட்சென் படம் எடுப்பாள். பத்து மணிக்குள் படம் பெற்றோரின் தொலைபேசிக்குப் போய்விடும். அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறவர்கள், தங்கள் பிள்ளை இயற்கையோடு ஒன்றிவிட்டது என்று கண்கலங்கிப் பதில் எழுதுவார்கள். அந்தப் பதில்களை கிரெட்சென் உரக்கப் படித்துக் காட்டும்போது ராஸ்லின் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். இந்த மனிதர்களை விடத் தான் மேல் என்று நினைக்க அவளுக்கு அது ஒன்று போதுமாயிருந்தது. கூட்டை எந்தக் கிளையில் செருகினால் வெளிச்சம் நன்றாக விழும் என்று அவளே யோசித்துச் செருகினாள் என்பது வேறு விஷயம்.

டார்லீன் இரண்டாம் வாரமே இந்த ஏற்பாட்டைக் கெடுத்தாள். கூட்டைப் பார்த்து, "இது நேத்து அந்தப் பக்கம் இருந்துச்சே" என்றாள். இன்னொரு நாள் பைன் காயின் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை உரித்து எல்லோருக்கும் காட்டினாள். இரண்டையும் 'குழுவின் கவனத்தைக் கலைத்தாள்' என்று பதிவுத்தாளில் எழுதச் சொன்னாள் கிரெட்சென். ராஸ்லின் அழகான கையெழுத்தில் எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை விஷயம் வேறு. அக்டோபரில் ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறி வரும். முட்டையிட்டுவிட்டு அங்கேயே சாகும். முந்தின நாள் மழையில் தண்ணீர் ஏறி இறங்கியதில், நடைபாதைக்குப் பத்தடி கீழே ஒரு பெரிய மீன் சேற்றில் ஒதுங்கிக் கிடந்தது. கைக்குழந்தை நீளம் இருக்கும். கண்ணைக் கடற்காகங்கள் கொத்தியிருந்தன. நாற்றம் மேலே வரை வந்தது. கிரெட்சென் மூக்கைப் பொத்தாமல், எப்போதும் முகத்தில் இருக்கும் சிரிப்பும் மாறாமல், "கண்ணுங்களா, நம்ம கால் இப்போ வேற பக்கம் போகணும்னு சொல்லுது" என்றாள். மீன் ஓய்வெடுக்கிறது, தொந்தரவு செய்யக்கூடாது என்றும் சொன்னாள். நாளெல்லாம் இயற்கையைத் தேடி அலைகிற கூட்டம், இயற்கை எதிரே வந்து கிடந்ததும் முதுகைக் காட்டித் திரும்பியது.

அவர்கள் நடப்பது பன்னிரண்டு வளையங்கள் வைத்த நீலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஆளுக்கு ஒரு வளையம். முன்முனை கிரெட்சென் கையில், பின்முனை ராஸ்லின் கையில். சாலையோ தண்ணீரோ பக்கத்தில் இருக்கும்போது பெரியவர்கள் முனையை விடவே கூடாது. விட்ட பயிற்சிக்காரிக்கு, பயிற்சியை முடித்தாள் என்று கிரெட்சென் போட வேண்டிய கையெழுத்து அன்றோடு கிடையாது. கையெழுத்து இல்லாவிட்டால் இரண்டு வருட மாலை வகுப்பும் வீண். இது ராஸ்லினுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு நல்ல வாக்கியம் தோன்றிவிட்டது. பிள்ளைகள் நாற்றத்தை எப்படி வெவ்வேறாக எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி. எழுத இரண்டு கையும் வேண்டியிருந்தது. முனையைக் கீழே போட்டாள்.

கடைசி வளையத்தில் இருந்த டார்லீன் திரும்பிப் பார்த்தாள். "மிஸ் ராஸ், கயிறு கீழ விழுந்துருச்சு."

ராஸ்லின் "ம்" என்றாள். எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் இன்னும் பாதியில் இருந்தது.

பிள்ளை கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு வளையத்தைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு, சரிவில் உட்கார்ந்து சறுக்கி இறங்கி மீனின் பக்கத்தில் போய்க் குந்தியது. அதன் வயிற்றில் ஒரு விரலை வைத்து அழுத்தியது. ஆரஞ்சு நிற முட்டைகள் நாலைந்து வெளியே வந்தன. "இது ஓய்வெடுக்கல. செத்துப்போச்சு. கண்ணு இல்ல, பாருங்க" என்று மேலே பார்த்துச் சொன்னது. அதட்டவில்லை, அழவில்லை, தகவல் சொல்வதுபோலச் சொன்னது. குருவி என்ற பெயர்க்காரி அழத் தொடங்கினாள். ஆறு என்ற பெயர்க்காரன் தானும் பார்க்க வேண்டும் என்று குதித்தான். கிரெட்சென் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, சுவரில் மாட்டியதுபோல. பள்ளிக்குத் திரும்பியதும் கயிற்றை யார் விட்டது என்று கேட்டாள். டார்லீன் என்றாள் ராஸ்லின். பொய் என்று சொல்ல முடியாது. டார்லீனும் விட்டாள்தான்.

புதன்கிழமை பிற்பகல் யோலண்டாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சீருடையோடு வந்தாள். ஒரு மணி நேரம்தான் விடுப்பு, தினமும் காலை ஆறு மணிக்கு எடுக்கும் தன் பதினைந்தாம் எண் வண்டியை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறார் என்றாள். கிரெட்சென் பதிவுத்தாள்களை விரித்து வைத்து, டார்லீனுக்கு இந்தச் சூழல் பொருந்தவில்லை, கட்டுதிட்டம் அதிகமுள்ள வேறு பள்ளி அவளுக்கு நல்லது, வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பதமாகப் பேசினாள். நிறுத்துவது என்ற சொல்லை ஒரு பரிசுப் பொட்டலம்போல நீட்டினாள்.

யோலண்டா தாள்களைத் தொடவில்லை. "முன்ன விட்ட இடத்துல நாள் முழுக்க டிவி முன்னாடி உக்கார வெச்சாங்க. ஒரு வருஷம் வாயே திறக்கல. இங்க வந்தப்புறம்தான் பேசுறா. ராத்திரி எனக்கு மீனப் பத்திப் பாடம் எடுக்குறா" என்றாள். பிறகு ராஸ்லின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நீதான பின்னாடி இருந்த. என் பொண்ணு பஸ்ல ஏறினா எறங்குற வரைக்கும் கம்பிய விடமாட்டா. கயித்த அவளா விட்டா?"

ராஸ்லின் வாயைத் திறந்தாள். அதிலிருந்து வந்தது இதுதான்: "நேரம் மட்டும் தப்பா எழுதிட்டேன். பத்து இருபத்தஞ்சா இருக்கலாம்."

யோலண்டா அவளைச் சற்று நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சில்லறை இல்லாமல் ஏறிவிட்டுக் கதை சொல்லும் பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு ராஸ்லினுக்கு வீரம் வந்தது. அறைக்கதவைச் சாத்திவிட்டு, பின்முனையைத் தான்தான் கீழே போட்டதாகவும், பிள்ளை தன்னிடம் சொன்னதாகவும் ஒரே மூச்சில் சொன்னாள். அப்படிச் சொன்ன தன் குரல் அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

கிரெட்சென் நிமிரவில்லை. "தெரியும். நேத்து எடுத்த போட்டோல இருக்கு. நீ ரெண்டு கையால எழுதிட்டு நிக்குற, கயிறு தரையில கெடக்குது. அழிச்சுட்டேன்" என்றாள். கோப்பில் தாள்களை அடுக்கினாள். "உன்ன அனுப்பிட்டு நான் எங்க போய் ஆள் தேடுவேன்? நீ சுத்தமா எழுதுற, ராஸ். அதான் நமக்கு வேணும்."

நமக்கு. ராஸ்லின் வெளியே வந்தாள். இத்தனை வாரமாக அந்தப் பெண்ணை அவள் ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோ அதைக்கூடப் பொருட்படுத்தாமல், பைக்குள் போடும் கொட்டையைத் தேர்வதுபோல இவளைப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தாள். மெருகு நன்றாகவே பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து, சாப்பிடுவதற்கு முன் நாட்குறிப்பைத் திறந்தாள். நான்கு வரி எழுதி அடித்தாள். மூன்றில் நல்ல வாக்கியங்கள் இருந்தன. கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

அக்டோபர் 15, புதன். கயிற்றை விட்டது நான். டார்லீன் என்னிடம் சொன்னாள், நான் கேட்கவில்லை. நாளை காலை 6.22க்கு, ஓக்லாண்ட் சாலை நிறுத்தத்தில் பதினைந்தாம் எண் பேருந்து. ஓட்டுவது யோலண்டா. ஏறும்போதே, கதவு மூடுவதற்கு முன் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுக்கச் சொன்னால் அங்கேயே எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். உட்காரக் கூடாது.